கைக்கும் கம்பிக்கும் நடுவில்

மறுபடியும் சிவப்பு. மேடைப் பலகையில் என் வலது காலுக்குப் பக்கத்தில் கிடக்கிற நாய்ஸ் கேட் பெடலின் நெற்றியில் அந்தச் சின்ன விளக்கு எரிகிறது, எரிந்தால் கேட் மூடிவிட்டது, கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற சத்தத்தை நடுவழியில் நிறுத்திவிட்டது என்று அர்த்தம், ஆனால் நான் கம்பிகளைச் சேர்த்து மீட்டிய கார்ட் இன்னும் அடங்கவில்லை, கம்பிகள் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது, கிதார்க் கட்டை என் விலாவில் அதிர்வது தெரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டிருக்கிறவனின் வாயை யாரோ பொத்தியது மாதிரி. இந்தப் பாட்டுக்கு அது ஆகாது. இந்தப் பாட்டில் முதலில் கிதார் மட்டும்தான், தனியாக, மெதுவாக, நாலு வரி போகும், கடைசியில் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு கார்ட், அதை அப்படியே விட்டுவிட வேண்டும், அது தேய்ந்து தேய்ந்து எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு இடத்தில் பெனிட்டா பாட ஆரம்பிப்பாள். அந்தச் சின்ன இடைவெளிக்காகத்தான் இந்தப் பாட்டையே செய்தேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அவளுக்காக, அவள் மூச்சு எடுக்கிற சத்தம்கூட மைக்கில் கேட்க வேண்டும் என்று. "அண்ணே, கார்டோட வால் அறுபடுதுல்லா," என்று ஹாலின் அந்தக் கோடியிலிருந்து முத்தரசு கத்துகிறான், மிக்ஸருக்குப் பின்னால் அவன் தலை மட்டும் தெரிகிறது, நடுவில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், அவற்றில் ஊதா ரிப்பன் கட்டிக்கொண்டு போகும் பெண்கள், சாயங்காலக் கல்யாண வரவேற்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வெயில் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து தரையில் கிடக்கிறது. தெரியுது, பாக்கேன், என்று சொல்லிவிட்டுக் குனிகிறேன். பெடலில் இரண்டே திருகுதான். எவ்வளவு சத்தத்துக்குக் கீழே போனால் மூட வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் இடது கையால் திருகுகிறேன். எல்லாவற்றையும் இப்போது இடது கையால்தான் செய்கிறேன், யாராவது கவனித்திருப்பார்களா, இல்லை, ஒரு மனிதன் எந்தக் கையால் திருகுகிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

முத்தரசு வந்துவிட்டான், காலடிச் சத்தம் மேடைப் பலகையில் ஏறுகிறது, வலது கையை எடுத்துத் தொடைக்கும் கிதாருக்கும் நடுவில் சொருகிக்கொள்கிறேன். நல்ல பையன், எங்கள் குழுவுக்கு வந்து பல வருஷம் ஆகிறது, எந்த ஹாலில் எந்த மூலையில் இரைச்சல் வரும் என்று அவனுக்குத் தெரியும். "அடாப்டரைத் தனியாப் போடுவோமாண்ணே, கீபோர்டு கூட ஒரே போர்டுல இருக்குல்லா, அதுல வரும்," என்கிறான், உட்கார்ந்து ஒயர்களைப் பிரிக்கிறான், ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான், "உப்புக்காத்து எல்லாத்தையும் அரிச்சிருதுண்ணே," என்று ஸ்பிரே அடித்துத் துடைக்கிறான், அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது, மண்ணெண்ணெயும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி. அவன் துடைக்கட்டும். அவன் தேடுகிற கோளாறு அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் டார்ச் விளக்கைப் பிடித்துக் காட்டுகிறேன். இந்தப் பெடலை எதற்கு வாங்கினேன் என்று கேட்டபோது எல்லாரிடமும் சொன்னேன், ஹால்களில் ஏசி இரைச்சல் ஆம்ப்பில் ஏறுகிறது, கிதார் வாசிக்காத நேரத்தில் உம்மென்று கேட்கிறது, அதை அடைக்க என்று. நம்பினார்கள். நாய்ஸ் கேட் அதற்குத்தான். நான் வாங்கியது வேறு இரைச்சலுக்கு. வாசிக்கும்போது என் கை நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் இந்த நோயின் வேடிக்கை, விரல் கம்பி மேல் ஓடும்போது ஒன்றும் இல்லை, நிறுத்தி, கையைச் சும்மா வைத்தால் ஆரம்பிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும், மாத்திரை உருட்டுகிற மாதிரி, நகம் கம்பியில் பட்டு டிகடிகவென்று, ஆம்ப் வழியாகப் போனால் ஆணியால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். பாட்டு நடுவே கை சும்மா இருக்கிற இடங்களில் எல்லாம் அந்தச் சத்தம் வந்துவிடும். கேட்டை ஏற்றி வைத்துவிட்டேன். ஓங்கி அடித்தால் திறக்கும், மற்ற நேரம் மூடியே இருக்கும். குத்துப்பாட்டுக்கு அது போதும், இந்த ஒரு வருஷமாகக் குத்துப்பாட்டாகவே வாசித்தேன்.

"இப்ப அடிங்கண்ணே." மீட்டுகிறேன். கார்ட் விரிகிறது, ஹால் முழுக்கப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, தேய ஆரம்பிக்கிறது, வா, இன்னும் கொஞ்சம், இன்னும், சிவப்பு. அறுந்துவிட்டது. முத்தரசு உதட்டைப் பிதுக்குகிறான். என் கையை முதலில் செய்தித்தாள்தான் காட்டிக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், தாள் சரசரத்தது, நான் அசையவே இல்லை, தாள் மட்டும் தானாகச் சரசரத்துக்கொண்டிருந்தது, பெனிட்டா அடுக்களையிலிருந்து வந்து, "ஃபேனைக் குறைக்கட்டாங்க?" என்று கேட்டுக் குறைத்துவிட்டுப் போனாள். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. தாள் அதே வேகத்தில் சரசரத்தது. நான் அதை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன், அன்றைக்கு என்ன செய்தி படித்தேன் என்று ஞாபகம் இல்லை, தாளின் ஓரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அது மீன் செதில் மாதிரி துடித்தது. அப்புறம் சட்டைப் பொத்தான், துளைக்குள் போக மறுத்தது. அப்புறம் வங்கியில் கையெழுத்து, லியோன்ஸ் என்று ஆரம்பித்து எழுத எழுதச் சுருங்கி, கடைசி எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விட்டது, கவுண்டரில் இருந்த பெண் பழைய கையெழுத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திருநெல்வேலிக்குத் தனியாகப் போனேன். அந்த டாக்டர் அதிகம் பேசாதவர், என் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பிறகு, "கையை மடில சும்மா வைங்க," என்றார், "வச்சிட்டு மாசத்தோட பேரைத் திருப்பிச் சொல்லுங்க, டிசம்பர்லருந்து." டிசம்பர், நவம்பர் என்று சொல்லிக்கொண்டே போனேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் குனிந்து பார்த்தேன், அங்கே என் கை வேறு யாருடைய கையோ மாதிரி அதன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. "என்ன வேலை பாக்கீங்க?" கிதார் வாசிக்கிறேன் என்றேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். மாத்திரையில் குறையும், ஆனால் போகாது, மெதுவாகத்தான் முற்றும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த தடவை அவர்களையும் அழைத்து வாருங்கள் என்றார். தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது வல்லநாட்டு மலை வரைக்கும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், வாகைக்குளம் தாண்டும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகியிருந்தது, ஊர் வந்து இறங்கியபோது கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. மாத்திரைகளும் கழுத்துக்குத்தான் என்றேன். அவள் ஒரு தைலம் வாங்கி வந்து கொஞ்ச நாள் கழுத்தில் தேய்த்துவிட்டாள். அவள் விரல்கள் கழுத்தில் இருக்கும்போது வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"அண்ணே, பெடலை முன்னால வைக்காம ஆம்ப்புக்குப் பின்னால இருக்க சென்ட் ரிட்டர்ன் துளைல போட்டுப் பாப்பமா?" பார்க்கலாம். அவன் ஆம்ப்பைத் திருப்புகிறான், கேபிளைச் சுற்றி எடுத்து ஒன்றைப் பின்னால் சொருகுகிறான், இன்னொன்றைத் தேடுகிறான். எல்லாம் வீட்டில் செய்து பார்த்தாகிவிட்டது முத்தரசு, அவள் கடைக்குப் போயிருந்த நேரங்களில், கதவைச் சாத்திக்கொண்டு. திருகை இறக்கினால் கார்டின் வால் முழுசாக வருகிறது, கூடவே என் நகமும் வருகிறது. ஏற்றினால் நகம் போகிறது, வாலும் போகிறது. மெதுவாக மூடும்படி வைத்தால், அது மூடி முடிப்பதற்குள் நகம் உள்ளே நுழைந்துவிடுகிறது. கிதாரின் சத்தத்தைக் குறைத்தால் இரண்டும் குறைகின்றன. தேய்ந்து முடியப்போகும் ஒரு கார்டும் நடுங்கும் ஒரு விரலும் சரியாக ஒரே உயரத்தில் இருக்கின்றன, எந்தப் பெட்டியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. இடது கையால் கம்பியை அமுக்கினால் கார்டே செத்துவிடும். வலது கையை எடுத்துத் தூக்கிப் பிடிக்கலாம், அப்போது சத்தம் இருக்காது, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் எல்லார் முன்னாலும் அது காற்றில் ஆடும், முன் வரிசையில் இருக்கிற பிள்ளைகள் முதலில் பார்க்கும், அப்புறம் அவற்றின் தாய்மார்கள், அப்புறம் அந்தப் பார்வை, வங்கியில் அந்தப் பெண் பார்த்தது, எனக்குப் பயம் நோயைப் பார்த்தல்ல, அந்தப் பார்வை பெனிட்டாவின் கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான், அவள் பாட்டுக்காரியாக இருப்பதை விட்டுவிட்டு என் சட்டைக்குப் பொத்தான் போடுகிறவளாக ஆகிவிடுவாள், நான் தம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அவள் கையும் கூடவே கொஞ்சம் எழும். அதற்காக மறைத்தேனா. அல்லது சொல்லாதவரைக்கும் அது முழுசாக உண்மையாகாது என்று நினைத்தேனா. இரவில் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறேன், கையைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு, கட்டில் அதிர்ந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். முன்பெல்லாம் அவள் தோளில் கை போட்டுத்தான் தூங்குவேன். அவள் சில நாள் திரும்பி என் முதுகைப் பார்த்துப் படுத்திருந்தாள், மூச்சில் தெரியும், அப்புறம் அவளும் சுவரைப் பார்த்தாள். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு அவள் அறை காலியாகத்தானே இருக்கிறது, ஐப்பசி மழை ஆரம்பித்த நேரத்தில் ஒரு நாள் பெனிட்டா தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள், அங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றாள். நான் சரி என்றேன். சரி என்று சொன்ன குரலில் எனக்கே கேட்டது, ஒரு ஆறுதல். இனி கையை அழுத்திக்கொண்டு படுக்க வேண்டாம் என்ற ஆறுதல். அவளுக்கும் அது கேட்டிருக்கும், என்னவென்று எடுத்துக்கொண்டாளோ.

இந்தப் பாட்டை ஒவ்வொரு கச்சேரியிலும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். கூட்டம் சரியில்லை, நேரம் ஆகிவிட்டது, பழைய பாட்டு, யாருக்கும் தெரியாது. போன வாரம் கல்யாணப் பெண்ணே போன் செய்து கேட்டுவிட்டாள், அக்கா அந்த உங்க சொந்தப் பாட்டைப் பாடுங்கக்கா என்று, பெனிட்டா ஒத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள், கையில் துவைத்த துணி, மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நான் அதே மாதிரி ஏதோ சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அந்தப் பாட்டு உங்களுக்கு வேண்டாம்னா சொல்லிருங்க," என்றாள், "நான்தான் வேண்டாம்னா அதையும் சொல்லிருங்க. சொல்லாம மட்டும் இருக்காதீங்க." துணியை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாய்க்குள் வார்த்தை இருந்தது, அது என் கை, பெனி, வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, இவ்வளவு சின்னது, அதைச் சொல்ல முடியாமல் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் திருகைத் திருகினேன். எங்கேயாவது ஒரு இடம் இருக்கும், ஒரு மயிரிழை இடம், அங்கே வால் வரும், நகம் வராது, இன்று வரைக்கும் அந்த இடத்தைத்தான் தேடுகிறேன்.

பெனிட்டா மேடையின் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வருகிறாள். அரக்குச் சேலை, தலையில் இன்னும் பூ வைக்கவில்லை, கையில் தண்ணீர் பாட்டில். "என்னாச்சு முத்தரசு?" என்று அவனைக் கேட்கிறாள், என்னையல்ல. "கேட் வாலை அறுக்குதுக்கா, எதை மாத்துனாலும் அறுக்கு." அவள் மைக்குக்கு முன்னால் போய் நிற்கிறாள், உயரத்தைச் சரி செய்கிறாள், என் பக்கம் பாதி முதுகு. முத்தரசு ஆம்ப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொள்கிறான். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா. இந்தப் பாட்டுக்கு மட்டும் கேட்டை ஆஃப் பண்ணிருங்க. இந்த ஹால்ல ஏசி சத்தமே இல்ல, கேட்டீங்களா, ஒண்ணுமே இல்ல." கேட்கிறேன். உண்மைதான், ஒன்றுமே இல்லை. ரிப்பன் கட்டுகிற பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கிறார்கள். வேண்டாம், கரண்ட் போய் வந்தால் இரையும் என்று சொல்லலாம். கம்பி அறுந்துவிட்டது என்று ஒன்றை நானே அறுக்கலாம். பெனிட்டா திரும்பவில்லை, ஆனால் அவள் கழுத்து காத்திருக்கிறது, நான் இப்போது என்ன சாக்குச் சொல்லப் போகிறேன் என்று கேட்கத் தயாராக, கழுத்தின் பின்பக்கம் அந்தச் சின்ன எலும்பு புடைத்திருக்கிறது, இளைத்துவிட்டாள், எப்போது இளைத்தாள், நான் பார்க்கவே இல்லையே. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கால் போய் பெடலை மிதித்துவிட்டது. சிவப்பு அணைந்தது. நானா மிதித்தேன் என்று நினைப்பதற்குள் விரல்கள் முதல் வரியை ஆரம்பித்துவிட்டன, மெதுவாக, ஓங்காமல், ஒரு வருஷம் ஓங்கி ஓங்கி அடித்த பிறகு இந்த மென்மை உள்ளங்கையில் புதிதாக இருக்கிறது, கொஞ்சம் வேகம் குறைவு, விரல் முன்பு மாதிரி இல்லை, இருந்தாலும் போகிறது, இரண்டாவது வரி, மூன்றாவது, இப்படியே நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தால் என்ன, நிறுத்தினால்தானே, நாலாவது வரி முடிந்து கார்ட். விட்டேன். அது எழுந்து ஹாலின் கூரைக்குப் போகிறது. தேய்கிறது. பெனிட்டா மூச்சை இழுக்கிறாள், மைக்கில் கேட்கிறது. அப்புறம் என் கை. டிக். டிகடிக. டிகடிகடிக. இரண்டு ஸ்பீக்கரிலும், காலி ஹால் முழுக்க.

அவள் பாடவில்லை. இழுத்த மூச்சு அப்படியே இருக்கிறது. "ஏதோ லூஸ் கான்டாக்ட்ணே, இருங்க, கையை வைக்காதீங்க," என்று முத்தரசு குனிந்து கேபிளைப் பிடித்து ஆட்டுகிறான், ஜாக்கைத் திருகுகிறான், தவழ்ந்து போர்டு வரைக்கும் போகிறான், சத்தம் நிற்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். பெனிட்டா திரும்புகிறாள், முதலில் ஆம்ப்பைப் பார்க்கிறாள், பிறகு ஒயரை, ஒயர் வழியாகவே அவள் கண் கிதாருக்கு வருகிறது, அங்கே நிற்கிறது. பக்கத்தில் வந்து மைக்குக்குக் கேட்காத தூரத்தில் குனிந்தாள். "எப்பருந்து?" போன வருஷம் தவக்காலத்துக்கு முன்னால என்றேன். "கழுத்து இல்லையா?" இல்லை. நடுக்குவாதம் என்று அதன் பெயரைச் சொன்னேன், முதல் முறையாக வாய்விட்டு, அவள் அதை ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தாள், கண்ணிமை ஒரு தரம் மூடித் திறந்தது. "டாக்டர்ட்ட யார் கூடப் போனீங்க?" யாரும் இல்லை. "தனியாவா," என்றாள், கேள்வியாக இல்லை. என் கையைப் பார்த்தாள். "அப்ப இதுக்குத்தானா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க." ஆமா. "இதுக்குத்தானா பாட்டு வேண்டாம்னீங்க." ஆமா, பெனி. அப்போது அவள் முகத்தில் நான் எதிர்பார்த்துப் பயந்த பார்வை வரவில்லை. வந்தது நிம்மதி. நெற்றி தளர்ந்து, வாயோரம் தளர்ந்து, தூக்கிக்கொண்டு நின்ற எதையோ கீழே வைத்தவள் மாதிரி, ஒரு கணம் அவள் இருபது வயசுப் பெண்ணாக இருந்தாள். அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் இத்தனை மாதமாக அவள் எதைத் தூக்கிக்கொண்டு அந்த அறையில் தனியாகப் படுத்திருந்தாள் என்று எனக்குப் புரிந்தது, நோயின் பெயரைக் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அது அதிக நேரம் நிற்கவும் இல்லை. எதற்காக நிம்மதிப்பட்டோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் மெல்ல இறங்கியது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேங்க," என்றாள், "இதைக் கேட்டுட்டு நான் சந்தோஷப்பட்டுட்டேன்." பரவாயில்லை என்று சொல்வதற்குப் பதில் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் அதை விலக்கி, வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் நிற்கவில்லை. அவள் வளையலில் பட்டுச் சின்னதாகச் சத்தம் போட்டது.

"கேபிள்ல ஒண்ணும் இல்லண்ணே," என்று முத்தரசு எழுந்து நிற்கிறான், முட்டியில் தூசி, எங்களைப் பார்த்ததும் பார்வையைக் கீழே இறக்கிக்கொள்கிறான், புரிந்ததோ, அல்லது புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று நினைத்தானோ. "மறுபடி கேட்டைப் போட்டுருவோமா?" பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குப் போகிறாள். "வேண்டாம் முத்தரசு. இப்படியே இருக்கட்டும்." என்னைப் பார்த்து, "இன்னொரு தரம் வாசிங்க," என்கிறாள். எப்படி வாசிப்பது, விரல் மரத்துப் போயிருக்கிறது, ஆனாலும் முதல் வரி வருகிறது, அதன் பின்னால் அடுத்தது, அவள் என்ன செய்யப் போகிறாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதற்குள்ளேயே பாடப் போகிறாளா, கல்யாணத்துக்கு வந்தவர்கள் முன்னால் நகம் டிகடிகவென்று அடிக்க, மூன்றாவது வரி, நாலாவது, கார்டை மீட்டி விடுகிறேன், அது எழுகிறது, இன்னும் உச்சிக்குக்கூடப் போகவில்லை, கை இன்னும் கம்பியில் இறங்கவில்லை, அதற்குள் அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். மூச்சு எடுத்த சத்தமே கேட்கவில்லை, கார்டின் மேலேயே ஏறி நிற்கிறது குரல், உரக்க, இடம் விடாமல், அவள் எப்போதும் மௌனமாக நின்று காத்திருந்த அந்த இடம் முழுக்க அவளே நிறைந்திருக்கிறாள். ரிப்பன் கட்டுகிற பெண் ஒருத்தி தலையாட்டுகிறாள். தூரத்தில், மிக்ஸருக்குத் திரும்பிவிட்ட முத்தரசு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான், அந்த டிகடிக எதுவும் கேட்கவில்லை என்று. நன்றாகத்தான் இருக்கிறது, தெரியாதவர்களுக்குப் பாட்டு இப்படித்தான் என்று தோன்றும், இனி எப்போதும் இப்படித்தான் இருக்கும், நான் அவளுக்காக விட்டுவைத்த அந்த இடம் இனி இந்தப் பாட்டில் கிடையாது, அவளே அதை எடுத்து என் கைமேல் போர்த்திவிட்டாள். அவள் குரலுக்கு அடியில் என் விரல் கம்பியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கிறது, அவளுக்கும் கேட்கும். அடுத்த வரிக்குப் போகிறேன்.